ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர்: வாங்க நினைப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே ஃபெராரிதான் நினைவுக்கு வருகிறது. நீங்கள் ஏன் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரைப் பரிந்துரைக்கிறீர்கள்?

பதில்: பெருந்தொகை கொடுத்து வாங்கிய ஃபெராரி, கீறல் விழுமோ என்ற அச்சத்திலேயே கொட்டகையில் நின்றுவிடுகிறது; கூரையைத் திறக்கக்கூடிய ஸ்பைடரையோ மனம் நிறைய ஓட்டலாம். 1966-ல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான அந்தக் காரில், 1570 சிசி அலுமினிய எஞ்சின், இரட்டை கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஐந்து கியர், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் என எல்லாமே இருந்தன. அதே காலத்தில் பிரிட்டனின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் நான்கு கியர்களோடும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கோடும்தான் வந்தது.

கேள்வி: இன்றைய சாதாரணக் கார்களே அதைவிட வேகமாகப் போகின்றனவே?

பதில்: போகின்றன, அதை மறுக்க முடியாது. ஸ்பைடரின் இன்பம் வேகத்தில் இல்லை. டாஷ்போர்டின் கீழிருந்து சாய்ந்து நீளும் கியர் தண்டு ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கைக்கு எட்டும். மேட்டுச் சாலையில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது, இரண்டு கார்புரேட்டர்களும் காற்றை உறிஞ்சும் கரகரப்பு முன்னாலிருந்தும், சைலன்சரின் கனத்த குரல் பின்னாலிருந்தும் எழுவதைக் கூரையைத் திறந்துவைத்துக் கேட்டால், நாம் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் அந்த இயந்திரம் உடனுக்குடன் பதில் சொல்வது புரியும்.

கேள்வி: உருண்ட வால், வெட்டிய வால் என்கிறார்களே, எது நல்லது?

பதில்: 1969 வரை வந்தவற்றின் பின்பகுதி உருண்டு குவிந்திருக்கும். இத்தாலியர்கள் அதைக் கணவாய் மீனின் ஓடு என்றே அழைக்கிறார்கள். கடற்கரையில் ஒதுங்கும் அந்த ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குப் பெயரின் பொருத்தம் விளங்கும். அதன்பின் வந்தவை வெட்டிய வால். அழகு முன்னதில்; விலை குறைவு பின்னதில். ஓட்டுவதற்காக வாங்குபவர் பின்னதையே வாங்கலாம்.

கேள்வி: காலையில் இரண்டாவது கியர் போடும்போது கறகறவென்று சத்தம் வருகிறது. பழுதா?

பதில்: கியர்பாக்ஸ் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது இந்தக் கார்களில் இது வழக்கமானதே. முதல் சில கிலோமீட்டர்களுக்கு அவசரப்படாமல், நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, பிறகு மெல்லத் தள்ளுங்கள். வற்புறுத்தினால், கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ வளையம்தான் தேயும். நன்கு சூடான பிறகும் சத்தம் வந்தால் வளையம் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கேள்வி: வாங்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: துருவை. எஞ்சினில் பிஸ்டன்கள் ஓடும் லைனர் குழாய்களைக் கழற்றி மாற்ற முடியும் என்பதால் அதைப் புதுப்பிக்க வழியுண்டு. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியும் தரைத் தகடும் உளுத்துப்போனால் செலவுக்கு எல்லை இல்லை. சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தை, மெல்லிய துணியில் சுற்றி, எடுத்துச் செல்லுங்கள். நான் முதன்முதலில் பார்க்கப் போன ஸ்பைடர் புதுச் சிவப்புப் பெயின்டில் கண்ணைப் பறித்தது. கதவின் கீழே காந்தத்தை வைத்தேன். ஒட்டாமல் நழுவி மண்ணில் விழுந்தது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டியைப் பூசி மறைத்திருந்தார்கள். அந்தக் காரை அன்றே விட்டுவிட்டு வந்தேன். பெயின்ட் மங்கிய, சில் பகுதி கெட்டியான வேறொரு ஸ்பைடர் கிடைக்க மேலும் பதினான்கு மாதங்கள் ஆயின.