சுருட்டு வைக்க வாய் இல்லாத சாமி

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' படத்தை விற்கச் சீனப் பெருஞ்சுவரில் 500 பொம்மைகளை நிறுத்தினார்கள். '2.0' படத்துக்கு லாஸ் ஏஞ்சலிஸில் பலூன் பறக்கவிட்டார்கள். இப்படிப் பாகம் பாகமாக வரும் அறிவியல் கற்பனைப் படங்களை உள்நாட்டில் எப்படி, வெளிநாட்டில் எப்படி விளம்பரம் செய்தால் எடுபடும்? மதுரையில் நிறுத்த ஒரு பொம்மைகூட இவர்களுக்குக் கிடைக்காதா?
– வாசகர் ஒருவர், செல்லூர்

பதில்: பொம்மை கிடைக்கும் ஐயா. நிறுத்திவிட்டால் திரும்பக் கிடைக்காது, அதுதான் சிக்கல்.

2015 அக்டோபரில் பெய்ஜிங் பக்கம் பெருஞ்சுவரின் படிக்கட்டில், வெள்ளைக் கவசம் போட்ட 500 ஸ்டார்ம்ட்ரூப்பர் சிப்பாய்ப் பொம்மைகளை வரிசை கட்டி நிறுத்தினார்கள். சீனர்கள் போட்டோ பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதே வரிசையை அழகர்கோயில் ரோட்டில் நிறுத்திப் பாருங்கள். நம் பக்கத்தில் ஊர் எல்லையில் முறைத்துக்கொண்டு ஒரு வரிசை நின்றால் அது அய்யனாரும் அவர் பரிவாரமும். முதல் நாள் சாயங்காலம் ஒரு பாட்டி வந்து கோடியில் நிற்கும் பொம்மைக்கு விபூதி பூசுவார். மறுநாள் மாலை விழும். மூன்றாம் நாள் காலையில் காவல் தெய்வத்துக்குக் கையில் அரிவாள் இல்லையே, இதென்ன துப்பாக்கி என்று ஒரு பெரியவர் கேட்பார். மதியத்துக்குள் திருப்பாச்சேத்தியிலிருந்து 500 அரிவாளுக்கு ஆர்டர் போகும். வெள்ளிக்கிழமை சுருட்டுப் படைக்கும்போது பஞ்சாயத்து ஆரம்பிக்கும். அந்தத் தலைக்கவசத்தில் வாய்க்கு ஓட்டை கிடையாது. சுருட்டை எங்கே வைப்பது? மூக்குப் பக்கம் செருகலாம் என்று ஒரு கட்சி, சாமி முகத்தில் துளை போடக்கூடாது என்று இன்னொரு கட்சி. தாசில்தார் வந்து இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார். அதற்குள் படம் தியேட்டரை விட்டே போயிருக்கும். வெள்ளைக் கவசக் கருப்புக்கு வருஷா வருஷம் கிடாவெட்டு மட்டும் நிற்காது. விளம்பரக் கம்பெனிக்காரர் பொம்மையைத் திருப்பிக் கேட்டு வந்தால், அவர் தலைக்கு நான் ஜவாப்தாரி இல்லை.

சரி, கேட்டதற்கு வருகிறேன்.

பெருஞ்சுவரில் பொம்மை நிறுத்தியும் சீனாவில் அந்தப் படம், அதாவது 'ஸ்டார் வார்ஸ்' ஏழாம் பாகம், 12 கோடி டாலரை ஒட்டித்தான் வாரியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 93 கோடி டாலருக்கு மேல். (ஹாலிவுட் கணக்குப் பிள்ளைகளுக்குக் கனடாவும் உள்நாடுதான். நம் ஊரில் படம் விற்கும் கணக்கில் செங்கல்பட்டு ஒரு ஏரியா, திருச்சி-தஞ்சாவூர் ஒரு ஏரியா, மதுரை-ராமநாதபுரம் ஒரு ஏரியா.) வித்தியாசத்துக்குக் காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. 1977, 1980, 1983 என்று வந்த முதல் மூன்று படங்களும் சீனத் திரையரங்குகளில் ஓடியதே கிடையாது. 2015 ஜூனில் ஷாங்காய் திரைப்பட விழாவில்தான் முதல்முறையாகப் பெரிய திரையில் போட்டார்கள். டிசம்பரில் அமெரிக்காவில் ஏழாம் பாகம் வந்துவிட்டது. சீனாவுக்கு ஜனவரியில் போனது. முதல் படத்தில் வந்தவர் தலை நரைத்துத் திரையில் தோன்றும்போது அமெரிக்காவில் அப்பனும் மகனும் சேர்ந்து அழுதார்கள். சீனாவில் யாரோ ஒரு வயசாளி வருகிறார், அவ்வளவே. ஏழாம் பாகத்துக்கு அழ வேண்டுமென்றால் ஒன்றாம் பாகத்துக்குச் சின்ன வயசில் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்.

அதே படத்தின் சீனப் போஸ்டரில் கறுப்பின நாயகன் ஜான் போயேகாவின் உருவத்தைச் சுருக்கிவிட்டார்கள் என்று உலகமே திட்டித் தீர்த்தது. போஸ்டரில் முகத்தைச் சுருக்கினால் என்ன நடக்கும் என்று மதுரையில் வந்து கேட்டிருக்கலாம். காதுகுத்து ஃபிளக்ஸில் தாய்மாமன் படம் கொஞ்சம் சிறுத்துப் போனதற்காகச் சம்பந்தி வீட்டோடு பேச்சை நிறுத்திய குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

இனி உங்கள் பலூன். '2.0' படத்தின் முதல் பார்வையை 2016 நவம்பரில் மும்பையில் வெளியிட்டார்கள். 2017இல் லாஸ் ஏஞ்சலிஸில் 100 அடி உயரப் பலூன். அந்த அக்டோபரில் துபாயில் பாட்டு வெளியீடு. கிராஃபிக்ஸ் வேலை இழுத்துக்கொண்டே போய், படம் வந்தது 2018 நவம்பர் 29. முகூர்த்தம் குறிக்காமல் பத்திரிகை வைத்த கதை. அது கிடக்கட்டும், அந்தப் பலூன் யாருக்காகப் பறந்தது? கீழே நின்று பார்த்த அமெரிக்கருக்கு ரஜினியைத் தெரியாது. அங்கிருக்கும் தமிழருக்குப் பலூன் தேவையில்லை. முதல் நாள் முதல் காட்சிக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காரில் எத்தனை மைல் வேண்டுமானாலும் போவார். ஆக, அந்தப் பலூன் பறந்தது உங்களுக்காகத்தான், செல்லூர்க்காரரே. லாஸ் ஏஞ்சலிஸில் ரஜினி பலூன் என்று இங்கே பேப்பரில் படம் வந்தது, டீக்கடையில் நீங்கள் அதைப் பார்த்தீர்கள், ஒரு வருஷத்துக்கு அப்புறம் டிக்கெட் எடுத்தீர்கள். இன்றைக்கு வரை ஞாபகம் வைத்து எனக்குக் கடிதமும் எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டு விளம்பரம் என்று நடப்பதில் முக்கால்வாசி, உள்ளூர்க்காரன் பார்க்க வெளியூரில் நடத்தும் கூத்து. பெருஞ்சுவர்ப் பொம்மை படமும் சீனாவைவிட மற்ற ஊர்ப் பத்திரிகைகளில்தான் அதிகம் சுற்றியிருக்கும் என்பது என் சந்தேகம்.

நிஜமான வெளிநாட்டு வியாபாரம் வேறு. நம்மவர்கள் எஃப்.எம்.எஸ். (ஃபாரின்-மலேசியா-சிங்கப்பூர்) உரிமை என்று மலேசியா, சிங்கப்பூரைக் காலகாலமாக விற்கிறார்களே, அங்கே இருப்பது நம் ஆட்கள். அதற்குத் தனி வித்தை வேண்டாம். '2.0' சீனாவுக்குப் போகும்போது 10,000 தியேட்டர், 56,000 திரை என்று அறிவிப்பு வந்தது. 2019 செப்டம்பரில் போயும் சேர்ந்தது. அதற்கப்புறம் அந்த எண்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஹாலிவுட்காரன் நம் ஊருக்கு வரும்போது எப்படி வருகிறான் பாருங்கள். 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் வந்தபோது வசனம் ஏ.ஆர். முருகதாஸ், அயர்ன் மேன் குரல் ராஜபாளையத்துக்காரர் விஜய் சேதுபதி, விளம்பரப் பாட்டு ஏ.ஆர். ரஹ்மான். குரல் பொருந்தவில்லை என்று நம் பிள்ளைகள் கொதித்தார்கள். விளம்பரம் தோற்றுவிட்டது என்று அப்போது ஒருவர் எழுதினார். நான் நேர்மாறாகச் சொல்வேன். இந்த ஆளுக்கு இந்தக் குரல் சரியில்லை என்று சண்டை போட, பழைய குரல் காதில் இருக்க வேண்டும். 2008இலிருந்து ஒவ்வொரு பாகமாக விட்டு, டி.வி.யில் திரும்பத் திரும்பப் போட்டு, அந்தக் கோபத்தை அவர்கள் வளர்த்து வைத்திருந்தார்கள். கோபப்பட ஆள் இருக்கும் ஊரில் படத்துக்குப் பயமில்லை.

தெலுங்குக்காரர்கள் கெட்டி. 'கல்கி 2898 ஏடி' படத்தின் பெயரை 2023இல் அமெரிக்காவில் காமிக்-கான் விழாவில் அறிவித்தார்கள், அது பேப்பருக்கு. படம் வருவதற்கு முன், கதையில் வரும் புஜ்ஜி என்ற காரை ஊர் ஊராக ஓட்டிக் காட்டினார்கள், அது ஜனத்துக்கு. ஆறு டன் வண்டி, மஹிந்திராவும் கோயம்புத்தூர் ஜெயம் கம்பெனியும் சேர்ந்து செய்தது. பையன்கள் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டுப் பார்த்ததைப் பற்றிப் பையன் ஒரு வாரம் பேசுவான், பலூனைப் பற்றிப் பேசமாட்டான்.

பேசுவதற்கு ஆள் கிடைத்தால் விளம்பரமே வேண்டாம் என்பதற்கு நம் மதுரை ரீகல் தியேட்டர் சாட்சி. பகலில் வாசகசாலை, சாயங்காலம் இங்கிலீஷ் படம். வெளியே ஒரே ஒரு போஸ்டர். உள்ளே பெஞ்சில் ஒரு அண்ணன் இருப்பார், இங்கிலீஷ் அவருக்கும் தெரியாது, ஆனாலும் கதை சொல்வார். "அந்தப் பயதான் வில்லன், கடைசியில பாரு." பாதிப் படங்களில் அவர் சொன்ன கதை, திரையில் ஓடிய கதையைவிட நன்றாக இருந்தது. 1952இல் 'பராசக்தி'யோடு திறந்து, ஆசியாவிலேயே பெரியது என்று நாம் மார்தட்டிய தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை. இதை எந்தக் கேள்வி வந்தாலும் இழுக்கிறேன் என்று போன மாதம் ஒரு வாசகர் குறைப்பட்டார். இழுப்பேன்.

நான் தயாரிப்பாளராக இருந்தால் பலூன் காசில், '2.0'க்கு முதல் பாகமான 'எந்திரன்' படப்பெட்டியை மறுபடி வெளியே எடுத்து, உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி தியேட்டர்களில் ஒரு வாரம் குறைந்த கட்டணத்தில் ஓட்டியிருப்பேன். அது வந்தது 2010இல். அப்போது அம்மா இடுப்பில் இருந்த பிள்ளைக்கு 2018இல் எட்டு வயசு. சிட்டி ரோபோவைப் பெரிய திரையில் பார்க்காத அந்தப் பிள்ளைதான் குடும்பத்தை இரண்டாம் பாகத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டிய ஆள்.

இந்த இடத்தில் சென்னை விமர்சக நண்பர் குறுக்கே வருவார், தெரியும். தமிழில் அறிவியல் கற்பனைப் படத்துக்கு முன்னோடி என்றால் 1963இல் வந்த 'கலை அரசி' என்பேன் நான். எம்.ஜி.ஆர். படம், வேற்றுக் கிரகத்துக்குச் சங்கீதம் சொல்லித்தரப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். டீச்சர் கிடைக்காமல் கடத்திய கிரகம், உலக சினிமாவில் வேறு உண்டா? அவரோ 1952 'காடு'தான் முன்னோடி என்று வருஷக்கணக்கில் என்னோடு மல்லுக்கு நிற்கிறார். முன்னோடிப் பட்டத்தைத் தரமாட்டேன். ஆனால் வெளிநாட்டு வியாபாரம் என்று பார்த்தால் 'காடு' கட்சிக்கு ஒரு ஓட்டு போடத்தான் வேண்டும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் என்று அங்கத்து நடிகர்களையே நடிக்கவைத்து, 'தி ஜங்கிள்' என்று அமெரிக்காவில் ஓட்டினார். அவர்களுக்குத் தெரிந்த முகத்தை அவர்களிடமே விற்றார், பலூன் செலவு இல்லை. படத்தில் ஆதிகால மம்மத் யானைகள் வேண்டும் என்றதும் நம்ம ஊர் யானைகளுக்கே ரோமப் போர்வை மாட்டிவிட்டார்கள். அதை அறிவியல் என்று நண்பர் சொல்கிறார். அந்தப் போர்வையை மாட்டிக்கொண்டு வெயிலில் நின்ற யானையைக் கேட்டால் வேறு வார்த்தை சொல்லியிருக்கும்.