செயலி காட்டும் திசையும் தூண்டில் போகும் திசையும்

கேள்வி: பினாங்கின் பத்து மௌங்கிலிருந்து நண்பர்களோடு வாடகைப் படகெடுத்து, கெண்டித் தீவுப் பக்கம் தூண்டில் போடப் போவேன். கைப்பேசிச் செயலியில் நீரோட்ட அம்புகள் எப்போது பார்த்தாலும் வடமேற்கே காட்டுகின்றன. போன சனிக்கிழமை காலையிலோ ஈயம் கட்டிய கயிறு தென்கிழக்கே இழுத்துக்கொண்டு போனது. "அடியில மேடு பள்ளம் இருக்கு, அதான்" என்கிறார் தெக்கோங் (படகோட்டி). பெருங்கடல் நீரோட்டத்தையே கடல்தரை திருப்பிவிடும் என்று நானும் படித்திருக்கிறேன். அப்படியென்றால் காசு கொடுத்து ஆழப்படம் வாங்கிவைத்தால் உதவுமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தெக்கோங் சொன்னது பாதி சரி. செயலியும் பொய் சொல்லவில்லை.

முதலில் உங்கள் சனிக்கிழமையைப் பார்ப்போம். மலாக்கா நீரிணைக்கு ஏற்றம் அந்தமான் கடல் பக்கமிருந்து வருகிறது. அதனால் தண்ணீர் ஏறும்போது ஓட்டம் தென்கிழக்கே போகும், வற்றும்போது வடமேற்கே திரும்பும். பினாங்கில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நீங்கள் கயிறு விட்டது பெரும்பாலும் ஏற்ற நேரமாக இருக்கும். செயலியில் தெரிவதோ உலகக் கடல் மொத்தத்துக்கும் போட்ட கணினிக் கணக்கு. அதில் ஒரு கட்டம் சுமார் 8, 9 கிலோமீட்டர் அகலம். பினாங்குத் தீவுக்கும் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கும் நடுவே குறுகலான இடம் 3 கிலோமீட்டர் அளவுதான். ஒரே கட்டத்துக்குள் காணாமல் போய்விடும். போதாததற்கு, பல செயலிகள் ஏற்ற வற்றத்தைச் சேர்க்காமல் நாள் சராசரியை மட்டும் காட்டுகின்றன. போன தண்ணீரையும் வந்த தண்ணீரையும் கழித்தால் கடைசியில் மிஞ்சுகிற கொஞ்சம்தான் அந்த வடமேற்கு அம்பு.

அது ஏன் வடமேற்கே மிஞ்சுகிறது? நீரிணையின் தெற்கு முனையில் கடல்மட்டம் அந்தமான் பக்கத்தைவிடச் சற்று உயரம். வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும் மாதங்களில் இந்த உயர வித்தியாசம் கூடும். தைப்பூசக் கூட்டம் குறுகலான இடத்தில் திணறி நிற்கும். தண்ணீரை அப்படி நெருக்க முடியாது, குறுகலில் வேகம்தான் எடுக்கும். அதனால் தெற்கே ஓட்டம் கடுமை. பினாங்கு நோக்கி அகலமும் ஆழமும் கூடக்கூடத் தளர்ந்துவிடும்.

இனி கடல்தரை. பெரிய ஓட்டம் எந்த வாசல் வழியே போகலாம் என்பதை அதன் ஆழம்தான் முடிவு செய்கிறது. பசிபிக் பக்கம் கடல்மட்டம் கூடுதலாக இருப்பதால், அங்கிருந்து இந்தியப் பெருங்கடலுக்கு இந்தோனேசியத் தீவுகளின் ஊடாக விநாடிக்குச் சுமார் 15 மில்லியன் கனமீட்டர் தண்ணீர் போகிறது. அமேசான் ஆற்றைப்போல் 70 மடங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி நம் வாசலைத் தொடாமல் மக்காசார் நீரிணை வழியே இறங்குகிறது. அங்கே குறுக்கே நிற்கும் மேட்டுக்கு மேலேயே சுமார் 650 மீட்டர் ஆழம் உண்டு. பிறகு ஒரு பங்கு லொம்போக் நீரிணையின் சுமார் 300 மீட்டர் ஆழமுள்ள வாசலைத் தாண்டிப் போகும், மீதி கிழக்கே திமோர் பக்கம் சுற்றிப் போகும். மலாக்கா நீரிணையின் தெற்குப் பகுதியிலோ பல இடங்களில் 30 மீட்டர்கூட இல்லை. கிள்ளானுக்கு எதிரே உள்ள மணல்மேட்டின் பெயரே பெர்மாத்தாங் செடெப்பா. செடெப்பா என்றால் ஒரு பாகம்; ஆள் கையை விரித்து அளக்கும் அதே பாகம்தான். கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்த 20,000 ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து சுமாத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம். லொம்போக் நீரிணை மட்டும் அப்போதும் காயவில்லை. புலி பாலித் தீவுவரை வந்து, அடுத்த தீவுக்குப் போகாமல் நின்றது அதனால்தான்.

நீங்கள் படித்தது இன்னொரு வகை. ஆழ்கடலில் பூமியின் சுழற்சி தண்ணீரை மேலிருந்து தரைவரை ஒரே தூண்போல விறைப்பாக்கப் பார்க்கும். மேட்டில் ஏறினால் தூண் குட்டையாக வேண்டும், அதற்கு அதன் சுழற்சியும் மாற வேண்டும். அதைவிட மேட்டைச் சுற்றிப் போவது சுலபம். நிலத்தில் ஆறு பள்ளத்தைத் தேடி ஓடும். ஆழ்கடல் ஓட்டமோ ஒரே ஆழத்தைப் பிடித்துக்கொண்டு ஓடப் பார்க்கும். 1923இல் ஆங்கிலேய இயற்பியலர் ஜி.ஐ. டெய்லர் சுழலும் தொட்டியில் ஒரு சிறு தடையை வைத்து இதைக் காட்டினார்: அடியில் இருந்த தடையை, அதற்கு மேலே இருந்த தண்ணீரும் சுற்றிப் போனது. அண்டார்டிகாவைச் சுற்றிவரும் உலகின் மிகப்பெரிய நீரோட்டம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் கெர்கேலன் என்ற கடலடி மேட்டை எதிர்கொள்ளும்போது, பெரும்பகுதி வடக்கே ஒதுங்கித்தான் போகிறது.

ஆனால் கெர்கேலன் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 49 பாகையில், பினாங்கு 5 பாகையில். சுழற்சி தரும் இந்தத் திருப்பம் நமக்கு அங்குள்ளதில் எட்டில் ஒரு பங்குதான். ஆகவே கெண்டித் தீவுக்கு அந்த விதியைக் கொண்டுவர வேண்டாம்; இணையக் காணொளிகள் பலவும் கொண்டுவருகின்றன. இங்கே தரை செய்வது எளிய வேலை: கால்வாயில் ஓட்டத்தை வேகமெடுக்க வைக்கும், ஆழம் குறைந்த இடத்தில் உரசி மெதுவாக்கும், தீவின் மறைவில் சுழிக்க வைக்கும். நுரையும் குப்பையும் ஒரு கோடாகச் சேர்ந்து நிற்குமே, அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் வேகம் வேறாக இருக்கும்.

சரி, எதை வாங்குவது? முதலில் ஏற்ற வற்ற அட்டவணை. மலேசியக் கடற்படையின் தேசிய ஹைட்ரோகிராபி (கடல் அளவை) மையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஓட்டம் கடுமையாக இருக்கும், அஷ்டமியை ஒட்டித் தணியும். ஆழப்படமும் வாங்கலாம், ஆனால் நங்கூரம் பாறையில் மாட்டாமல் இருக்கவும் மேட்டின் விளிம்பைக் கண்டுபிடிக்கவும்தான். புதிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், தெற்குக் கரையில் மண் நிரப்பும் வேலை நடக்கிறது. இலவச உலக வரைபடங்களை நம்பிப் போக வேண்டாம். உலகக் கடல்தரையில் கருவி வைத்து முறையாக அளந்தது கால்வாசிக்குச் சற்று அதிகம், மீதி பெரும்பாலும் செயற்கைக்கோளை வைத்துப் போட்ட மதிப்பீடு. காணாமல் போன எம்எச்370 விமானத்தைத் தேடியபோதுகூடக் கடலடியில் கருவியை இறக்குவதற்கு முன்னால் கப்பல்களை அனுப்பித் தரையை அளக்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை இரண்டு கயிறு விடுங்கள். ஒன்றில் லேசான ஈயம், 2 மீட்டரில் நிற்கட்டும். மற்றது தரை தட்டட்டும். காற்று அடிக்கும் நாளில் இரண்டும் வெவ்வேறு பக்கம் சாய்வதைப் பார்ப்பீர்கள். மேலே காற்று இழுக்கும், கீழே ஏற்றமோ வற்றமோ இழுக்கும். நேரத்தைக் குறித்துக்கொண்டு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஓட்டம் திரும்பும் முன் இரண்டு கயிறும் தொய்ந்து நேராகத் தொங்கும் நேரம் ஒன்று வரும். மீன் அப்போது பெரிதாகக் கடிக்காது. நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவிடலாம்.