கம்பெனி கொடுத்த போனையே சொந்த போனாகவும் வைத்துக்கொள்ளலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: புதிதாகச் சேர்ந்த பனியன் கம்பெனியில் போனும் சிம்மும் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பழைய போனைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு இதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமா, கம்பெனிக்காரர்கள் உள்ளே பார்ப்பார்களா?

வேண்டாங்க. திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கூடவே இருந்து கவனித்து அனுப்பும் வேலைக்கு, வந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. அதில் முதல் ஆறு வருடம் நீங்கள் நினைப்பது போலத்தான் நானும் இருந்தேன். கம்பெனி பார்க்குமா என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், அதற்குப் பிறகு வருகிறேன். நம்பரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

2013இல் சேர்ந்த கம்பெனியில் முதல் வாரமே போன் கையில் வந்துவிட்டது. இரண்டு போன் எதற்கு என்று என் சொந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டேன், அது செத்துப்போனது. பேங்க், ஆதார், பி.எஃப்., கேஸ், மகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் கம்பெனி நம்பர்தான். 2019இல் வேலையை விட்ட கடைசி நாள் சாயங்காலம், சிஸ்டம் பார்க்கும் பையன் என் முன்னாலேயே போனை வாங்கி ரீசெட் போட்டான். "எல்லாம் எடுத்துட்டீங்களாக்கா?" என்று கேட்கத்தான் செய்தான். போட்டோக்களைப் பென்டிரைவில் எடுத்திருந்தேன், அதனால் ஆமாம் என்றேன். சில நிமிடத்தில் போன் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தும்போதுதான் அம்மிச்சி, என் அம்மாவின் அம்மா, நினைவுக்கு வந்தார். காங்கயம் பக்கம் தோட்டத்தில் இருந்தவர். எழுதத் தெரியாது. மாமா பையன் பழக்கிவிட்டிருந்தான், வாட்ஸப்பில் மைக்கை அழுத்திப் பேசி அனுப்புவார். "கண்ணு, வெடியால மழ பேஞ்சுது. செவல மாடு கன்னு போட்டிருக்குது. நீ சாப்பிட்டயா?" இப்படி அரை நிமிடம், முக்கால் நிமிடம். பின்னால் கோழி கத்துவதும் கேட்கும். அவர் தவறி அப்போது எட்டு மாதம். வாட்ஸப் பேக்கப் கம்பெனி மெயில் ஐடியில் போயிருந்தது, அந்த ஐடியையும் அன்றே மூடிவிட்டார்கள். அந்தக் குரல் இப்போது எங்கேயும் இல்லை. கம்பெனி செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். அவர்கள் போன், அவர்கள் மெயில். அதற்குள் என் அம்மிச்சியை வைத்தது நான்.

அப்புறம் ஓடிபி. அடுத்த வாரம் பி.எஃப். கணக்கை மாற்ற உட்கார்ந்தால் ஓடிபி அந்தப் பழைய நம்பருக்குப் போகிறது. சிம் என் இடத்துக்கு வந்த பையனிடம் இருந்தது. கூப்பிட்டால் மறுக்காமல் வாசித்துச் சொல்வான், நல்ல பையன். ஆனாலும் நகைக்கடன் வட்டி என்றைக்குக் கட்ட வேண்டும், கணக்கில் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் இரண்டு மாதமாக, முன்பின் தெரியாத ஒருவர் கையில் போய் விழுந்துகொண்டிருந்தது. ஆதாரில் நம்பர் மாற்ற நேரில் போய்க் கைரேகை வைத்தேன், பேங்க்கில் நேரில் போய் எழுதிக் கொடுத்தேன். புதுக் கம்பெனியில் சேர்ந்த முதல் மாதமே ஒவ்வொன்றுக்கும் அரை நாள் லீவு கேட்டு நின்றது இன்னும் உறுத்துகிறது.

கம்பெனி சிம் கம்பெனி பெயரில் வாங்கியது. அந்த நம்பர் உங்களுடையது என்று எங்கேயும் எழுதியிருக்காது. வேறு நெட்வொர்க்குக்கு மாற்றிக்கொண்டு போகவும் கம்பெனியில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் கடிதம் கொடுக்க வேண்டும். டையிங், பிரிண்டிங், செக்கிங் ஆட்கள் எல்லோரும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள், அதனால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். சரி, கம்பெனியே அந்த இணைப்பை ரத்து செய்துவிட்டால்? இணைப்பு போன நம்பரை 90 நாள் கழித்து வேறு யாருக்கும் கொடுக்கலாம். 2023இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது இது. உங்கள் பேங்க் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் நம்பர் அப்போது யார் பாக்கெட்டில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியாது.

இனி, கம்பெனி பார்க்குமா என்ற கேள்வி. போனை எப்படிப் பதிவு செய்து கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸிலோ லாக் ஸ்கிரீனிலோ இந்த போன் உங்கள் நிறுவனத்துடையது என்று ஒரு வரி இருந்தால், அது பெரும்பாலும் முழுக்க அவர்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். என்னென்ன ஆப் இருக்கிறது என்று தெரியும், வேண்டாததைத் தடுக்கலாம், இருந்த இடத்திலிருந்தே பூட்டலாம், அழிக்கலாம். உங்கள் சொந்த போனிலேயே வேலைக்கென்று தனிப் பகுதி மட்டும் போட்டுக் கொடுத்தால் அந்தப் பகுதியில் உள்ள ஆப்களில் சின்னப் பெட்டிப் படம் ஒன்று ஒட்டியிருக்கும். அதற்கு வெளியே உள்ளதை அவர்கள் பார்க்க முடியாது. வாட்ஸப்பில் போகும் செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் போனைக் கையில் வாங்கித் திறந்தால் எல்லாமே தெரியும். நீங்கள் போன பிறகு அதே சிம்மை வேறு போனில் போட்டு வாட்ஸப் தொடங்கினால், நீங்கள் வெளியேறாமல் விட்ட குரூப்களில் புதிதாக வருவதெல்லாம் அங்கே வரும். குடும்பக் குரூப்பும் அதில் ஒன்றாக இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் வேலை தொடர்பாகவும், தனக்கு நஷ்டம் வராமல் காத்துக்கொள்ளவும் ஊழியரின் தரவைத் தனியாகச் சம்மதம் கேட்காமலே முதலாளி கையாள அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது. கம்பெனி போனை வைத்துக்கொண்டு சட்டம் காப்பாற்றும் என்று இருக்காதீர்கள்.

கம்பெனி பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். அடுத்த வருடக் கோடைக்கு வெளிநாட்டுக் கடையில் தொங்கப்போகும் டிசைனை நாம் இந்தக் குளிர்காலத்திலேயே தைக்கிறோம். சாம்பிள் போட்டோ, அளவு டேப் வைத்து எடுத்த படம், கன்டெய்னர் சீல் நம்பர் எல்லாம் போனில்தான் ஓடுகிறது. இவை ஒருவருடைய சொந்த கேலரியில் குழந்தை படங்களோடு கலந்து கிடப்பதை ஆர்டர் கொடுக்கும் எந்த பையர் ஒப்புக்கொள்வார்? எங்கள் பிரிவில் ஒருவர் சாம்பிள் சட்டையை மகனுக்குப் போட்டு அழகாக இருக்கிறதென்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். அவர் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் அவர் நம்பர் வேறு நாலு கம்பெனி ஆட்களிடமும் இருந்தது. ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார், இருந்தாலும் பையருக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாகிவிட்டது. வேலைக்குத் தனி போன் இருப்பது இந்த விஷயத்தில் நமக்கும் நல்லதுதான்.

ஒன்று மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். லைனில் தைப்பவர்களிடம் காலையில் போனை வாங்கி லாக்கரில் வைக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. பவர் டேபிளில் கை ஓடும்போது போன் வேண்டாம் என்பது சரி. ஆனால் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தைக்கும் பெண்ணுக்கு ஊரில் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவார்கள்? சூப்பர்வைசரின் கம்பெனி நம்பரை அவர்கள் வீட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும், அது அடித்தால் எடுக்கவும் வேண்டும். உங்களுக்கு அப்படிப் பொறுப்பு வந்தால் இதை மறக்காதீர்கள்.

ராத்திரி விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் சாயங்காலம் ஐந்து என்றால் குளிர்காலத்தில் நமக்கு ஒன்பதரை, கோடையில் எட்டரை. நியூயார்க் பையராக இருந்தால் அவர் காலை ஒன்பதுக்கு ஆபீஸ் வரும்போது நமக்குச் சாயங்காலம் ஏழரை, கோடையில் ஆறரை. அதனால் நாம் சோற்றில் கை வைக்கும் நேரத்தில்தான் கேள்விகள் குவியும். ஒரே போனாக இருந்தபோது மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) அப்ரூவல் பார்த்திருக்கிறேன். இப்போது கம்பெனி போன் ஒன்பதரைக்கு ஹாலில் சார்ஜருக்குப் போய்விடும், படுக்கும் அறைக்குள் வராது. ஷிப்மென்ட் வாரத்தில் மட்டும் விதிவிலக்கு, அதை மேனேஜரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறேன். வேலை நேரத்துக்குப் பிறகு போனை எடுக்காமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017லிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்தும் சட்டமாக இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இரண்டு போன் இருந்தால் ஒன்றையாவது கீழே வைக்க முடிகிறது.

கம்பெனி போன் தொலைந்தால் அந்த நிமிடமே ஆபீஸுக்குச் சொல்லுங்கள், பயந்துகொண்டு ராத்திரி முழுக்கத் தேடாதீர்கள். சிம்மை அவர்கள்தான் நிறுத்த முடியும். போலீஸில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனுக்கென்று உள்ள தனி அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கலாம். போன் கையில் இருக்கும்போதே *#06# அழுத்தி அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். சம்பளத்தில் பிடிப்பதென்றால், உங்கள் கவனக்குறைவால் போனது என்று இருக்க வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும், நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. சேரும்போது கையெழுத்து வாங்கும் தாளில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். எனக்குக் கொடுத்ததை நான் படிக்காமலேதான் கையெழுத்துப் போட்டேன்.

கம்பெனி போனின் இரண்டாவது சிம் இடத்தில் சொந்த சிம்மைப் போட்டுக்கொள்ளலாமே என்றும் சிலர் சொல்வார்கள். நம்பர் பிழைக்கும், ஆனால் போட்டோவும் பேச்சும் அவர்கள் போனில்தானே சேரும்.

எங்கேயாவது ஏற்கெனவே கம்பெனி நம்பரைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் ஆதார், அப்புறம் பேங்க், அதற்குப் பிறகு மற்றவை என்று மாற்றுங்கள். பழைய நம்பர் கையில் இருக்கும்போது மாற்றுவது அவ்வளவு சிரமமில்லை. தம்பிக்கு போன் கட்டாயம் வேண்டுமென்றால் கொடுங்கள், ஆனால் சிம்மைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். ஒரு பட்டன் போனில் போட்டு ரீசார்ஜ் தவறாமல் வைத்திருந்தால்கூட ஓடிபி வந்து சேரும்.