ஒரு மாதத்துக்கு எத்தனை செகண்ட்?

அன்புள்ள சார்,

நிரல் எழுதுவது பற்றி உங்கள் தளத்தில் வருவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. நாங்கள் செய்வது மாதச் சந்தா வசூலிக்கும் ஒரு மென்பொருள். அதில் கால அளவுகள் எல்லாம் மில்லிசெகண்டில், ஒரே எண்ணாக டேட்டாபேஸில் இருக்கின்றன. ஒரு மாதம் என்றால் தோராயமாக 30 நாள். இந்த எண்ணை முழு எண்ணாக வைப்பதா, தசம எண்ணாக வைப்பதா என்று எங்களுக்குள் விவாதம். "எப்படி வைத்தால் என்ன, எல்லாம் நம்பர்தானே" என்கிறார் என் சீனியர். லீப் செகண்டையும் கணக்கில் எடுக்க வேண்டுமா? தேதிக் கணக்குக்கு எந்த லைப்ரரி (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) நல்லது? இவ்வளவு சின்ன விஷயம் எனக்கு ஏன் பிடிபடவில்லை என்று வெட்கமாகவும் இருக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்த வெட்கத்தைத் தூக்கிப் போடுங்கள். நேரக் கணக்கு சின்ன விஷயம் என்று சொல்கிறவர் அதில் கை வைத்திருக்க மாட்டார். ஜாவா மொழி வெளிவந்தது 1996-ல். அதில் தேதி, நேரத்துக்கு உருப்படியான வசதி வந்தது 2014-ல், ஜாவா 8-ல். இடைப்பட்ட 18 வருடம் எத்தனையோ கெட்டிக்காரர்கள் இதில் தடுமாறிக்கொண்டுதான் இருந்தார்கள். உங்களுக்கு இப்போதே சந்தேகம் வந்துவிட்டது என்றால் அது நல்ல அறிகுறி.

நான் பதில் எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணமும் இருக்கிறது. கொஞ்ச காலமாக ஒரு பழைய நிரலைப் பிரித்து மேய்ந்துகொண்டிருக்கிறேன். அதில் 2592000 என்ற எண் அங்கங்கே தலைகாட்டுகிறது. செகண்ட் கணக்கு என்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அது 30 நாளா, ஒரு மாதமா, 720 மணி நேரமா? எழுதியவர்கள் எல்லோரும் வேறு இடங்களுக்குப் போய்விட்டார்கள். கேட்க ஆள் இல்லை. எண்ணை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முழு எண்ணா, தசம எண்ணா என்பதற்கு ஒரே பதில், முழு எண். இதை விவாதித்து மீட்டிங் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். 0.1 என்ற எளிய எண்ணைக்கூட இரும முறையில் முழுதாக எழுத முடியாது, அது முடிவில்லாமல் நீளும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். அங்கிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தை செகண்டில் பத்தில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை முழு எண்தான், அதில் பிழையில்லை. அதைச் செகண்டாக்க 0.1-ஆல் பெருக்கினார்கள். அந்த 0.1 தான் 24 பிட்டோடு, அதாவது 24 இரும இலக்கத்தோடு, வெட்டப்பட்டிருந்தது. எண்ணிக்கை ஏற ஏறப் பிழையும் ஏறியது. 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் அது ஏறக்குறைய 0.34 செகண்ட் ஆகிவிட்டது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். அமைப்பு அதைத் தவறான இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது தசமப் பிழை மட்டும் இல்லை. எண்ணியது சரியாக இருந்தது, ஒன்றை இன்னொன்றாக மாற்றிய இடத்தில்தான் கெட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

லீப் செகண்டை விடுங்கள். பூமியின் சுழற்சியோடு கடிகாரம் ஒத்துப்போக அவ்வப்போது சேர்க்கும் ஒற்றைச் செகண்ட் அது. 1972 முதல் 27 முறை சேர்த்திருக்கிறார்கள், கடைசியாக 2016 டிசம்பர் 31-ல். 2035-க்குள் அந்த வழக்கத்தையே முடித்துக்கொள்வது என்று 2022-ல் முடிவும் ஆகிவிட்டது. மாதத்தில் முழுதாக ஒரு நாளைத் தொலைத்துவிட்டு ஒரு செகண்டைத் தேடுகிறீர்கள். உலக்கை போன இடத்தை விட்டு ஊசி போன இடத்தைத் தேடுகிற கதை இது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலை எவ்வளவு நேரம் ஓடியது என்று அளக்க, தேதி காட்டுகிற கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துக் கழிக்காதீர்கள். அந்தக் கடிகாரத்தை யாராவது பின்னால் தள்ளலாம். 2017 புத்தாண்டு நள்ளிரவில், அந்தக் கடைசி லீப் செகண்டில், கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் (இணைய முகவரியைத் தேடித் தருவது) மென்பொருளில் கழித்த விடை மைனஸில் வந்தது, மென்பொருள் விழுந்தது. பின்னால் போகாத மோனோடானிக் கடிகாரம் ஒன்று எல்லா இயங்குதளத்திலும் இருக்கிறது. கோ (Go) என்ற நிரல் மொழி அதே வருடம் அதைத் தன் நேர வகைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. அளப்பதற்கு அதைப் பயன்படுத்துங்கள்.

சரி, இப்போது அந்தத் "தோராயமாக"வுக்கு வருகிறேன். படித்தபோது கோபம் வந்தது, மறைப்பானேன்? வாடிக்கையாளர் மாதச் சந்தாவுக்குக் கையெழுத்துப் போட்டார். நீங்கள் 30 நாள் என்று எழுதிக்கொண்டீர்கள். யாரைக் கேட்டு எழுதினீர்கள்?

ஒரு ஆளை எடுத்துக்கொண்டு நடந்து பார்ப்போம். லீப் இல்லாத வருடம். ஜனவரி 31-ல் சேர்கிறார். 30 நாள் கூட்டினால் மார்ச் 2. பிப்ரவரியில் அவருக்குப் பில்லே கிடையாது. இன்னொரு 30 கூட்டினால் ஏப்ரல் 1, அப்புறம் மே 1, அப்புறம் மே 31. மே மாதத்தில் இரண்டு பில். மனிதர் கூப்பிட்டுச் சண்டை போடுவார், உங்கள் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் பதில் தெரியாமல் விழிப்பார். லாகைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே ஓடியிருக்கும். நிரல் சொன்னதைத்தான் செய்தது.

இதைக் கேட்டதும் பலர் செய்கிற அடுத்த காரியம், லைப்ரரியில் இருக்கும் "ஒரு மாதம் கூட்டு" என்ற ஃபங்ஷனை ஒவ்வொரு மாதமும் முந்தைய தேதி மேல் ஓட்டுவது. ஜனவரி 31, பிப்ரவரி 28. அப்புறம்? மார்ச் 28, ஏப்ரல் 28. 31-ஆம் தேதிக்காரர் ஒரே ஒரு பிப்ரவரியைத் தாண்டியதும் காலமெல்லாம் 28-ஆம் தேதிக்காரர் ஆகிவிட்டார். சேர்ந்த தேதியைத் தொடாமல் வைத்துக்கொண்டு, அதன் மேல் 1 மாதம், 2 மாதம், 3 மாதம் என்று கூட்டினால்தான் பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று ஒழுங்காக வரும்.

மாதத்தைக் கூட்டிக் கழித்தால் பழைய இடத்துக்கே வருவோம் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஜனவரி 31-ல் ஒரு மாதம் கூட்டிக் கழித்தால் ஜனவரி 28. ஜனவரி 30-ல் முதலில் ஒரு மாதமும் பிறகு ஒரு நாளும் கூட்டினால் மார்ச் 1. வரிசையை மாற்றிக் கூட்டினால் பிப்ரவரி 28. பள்ளியில் படித்த கூட்டல் விதி எதுவும் இங்கே செல்லாது. எண்ணாக இருந்தால் செல்லும். மாதத்தை எந்தத் தேதியிலிருந்து என்று சொல்லாத வரைக்கும் அதற்கு நீளமே கிடையாது. அதை டேட்டாபேஸில் நீளமாக எழுதிவைத்தால் பொய் எழுதிவைக்கிறீர்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். கோட் ரிவ்யூவுக்கு உட்கார்ந்தால் எண்களைச் சத்தமாகப் படிப்பார். "எட்டு, ஆறு, நாலு, சைபர், சைபர், சைபர், சைபர், சைபர்... யாரோட போன் நம்பர் இது?" அது ஒரு நாளின் மில்லிசெகண்ட் கணக்கு. நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது. எல்லோரும் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) என்று போட்டு 30 என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். "முப்பது... என்ன?" எழுதியவர் செகண்ட் என்று நினைத்திருக்கிறார், படித்த நிரல் மில்லிசெகண்ட் என்று எடுத்துக்கொண்டது. அந்த நேரத்துக்குள் எந்தப் பதிலும் வந்து சேரவில்லை, ஒவ்வொரு தோல்விக்கும் மறுபடி ஒரு அழைப்பு, சர்வர் என்ன செய்யும்? அதற்குப் பிறகு வேரியபிள் பெயரில் அலகு இல்லாமல் அவர் முன்னால் போய் நிற்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அவர் திட்டியதே இல்லை என்பதுதான் விசேஷம். படிப்பார், அவ்வளவுதான்.

அவர் இன்று இருந்திருந்தால் உங்கள் எண்ணையும் படித்திருப்பார். 30 நாளை மில்லிசெகண்டாக்கினால் 2592000000. ஜாவாஸ்கிரிப்டின் செட்டைம்அவுட்டுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள். அது 32 பிட் எண்ணில் காத்திருப்பை வைத்திருக்கிறது, 2147483647-க்கு மேல் தாங்காது. அதாவது 24.8 நாள். 30 நாள் காத்திருக்கச் சொன்னது உடனே ஓடிவிடும். கோ மொழியில் ஸ்லீப்புக்கு வெறும் 10 என்று கொடுத்தால் பத்து செகண்ட் தூங்காது, பத்து நானோசெகண்ட்தான் தூங்கும். பைத்தானில் கால அளவை வைக்கும் டைம்டெல்டாவிடம் செகண்ட்ஸ் என்று கேட்டால் மொத்த செகண்ட் வராது, நாளைக் கழித்த மிச்சம்தான் வரும். ஒரு நாளும் ஐந்து செகண்டும் கொண்ட அளவுக்கு அது 5 என்று பதில் சொல்லும். மொத்தத்துக்கு டோட்டல்-செகண்ட்ஸ் என்று தனியாகக் கேட்க வேண்டும். அலகு பற்றிய இந்த வகைக் குழிகள் எத்தனையோ உண்டு. இவற்றில் விழுந்தால் எழுந்துவிடலாம், அலகைத் திருத்தினால் போதும்.

மாதத்தை 30 நாளாக்கியவருக்கு எழுந்திருக்க வழியில்லை. வாடிக்கையாளர் என்ன சொன்னார் என்ற தகவலே அழிந்துவிடுகிறது. ஒருவர் 30 நாள் சோதனைக் காலம் கேட்டிருப்பார், இன்னொருவர் மாதச் சந்தா. இருவருக்கும் டேட்டாபேஸில் ஒரே எண். நாளைக்கு உங்களுக்கு ஞானோதயம் வந்தாலும் இருவரையும் பிரிக்க முடியாது. என் மேஜையில் இருக்கிற பழைய நிரலின் கதை இதுதான். பேட்ரியட்டில் ஒன்றை இன்னொன்றாக மாற்றிய இடத்தில் கெட்டது என்றேனே, இங்கேயும் அப்படித்தான். மனிதர் சொன்னதைச் சொன்னபடி வையுங்கள். எந்தத் தேதியிலிருந்து என்று தெரிந்த பிறகு, கடைசி நிமிடத்தில் கணக்கிடுங்கள்.

மென்பொருள் உலகமே இதில் ஒரு முடிவுக்கு வர முடியாமல் திணறுகிறது என்பதற்கு போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் நல்ல உதாரணம். கால அளவுக்கான அதன் இன்டர்வெல் வகை மாதம், நாள், மைக்ரோசெகண்ட் மூன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. பாராட்டுங்கள். ஆனால் ஒரு மாதமும் 30 நாளும் சமமா என்று கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்கிறது. ஒரு மாதத்துக்கு எத்தனை செகண்ட் என்று கேட்டால் 2592000. 12 மாதத்துக்கு? 31557600. முதல் எண்ணைப் பன்னிரண்டால் பெருக்கினால் இது வராது, ஐந்தேகால் நாள் இடிக்கிறது. ஏனென்றால் 12 மாதம் சேர்ந்ததும் அதை வருடமாக்கி 365.25 நாள் என்று எடுத்துக்கொள்கிறது. சி++ மொழியைக் கேட்டால் மாதத்துக்கு 2629746 செகண்ட், அதாவது 30.436875 நாள் என்கிறது. நானூறு வருடக் காலண்டரின் சராசரி அது. அந்த நீளத்தில் ஒரு மாதம் இதுவரை வந்ததும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. யார் மேலும் குற்றமில்லை. கேட்கக் கூடாததைக் கேட்டால் ஏதோ ஒரு பதில் சொல்லத்தானே வேண்டும்?

ஆகவே உங்கள் சீனியர் சொன்னது பாதி சரி. கடிகாரத்தால் அளப்பது நம்பர்தான், செகண்டோ நானோசெகண்டோ முழு எண்ணாக வையுங்கள். காலண்டரால் அளப்பது வேறு சாதி. ஜாவா இதற்காகவே கடிகார அளவுக்கு டியூரேஷன், காலண்டர் அளவுக்கு பீரியட் என்று இரண்டு வகை வைத்திருக்கிறது. நாள்கூட சில இடங்களில் காலண்டர் பக்கம்தான். கோடை நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் வருடத்தில் ஒரு நாள் 23 மணி நேரம், ஒரு நாள் 25 மணி நேரம். சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே கிடையாது, தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியதில் அதைத் தாண்டிவிட்டார்கள். கோ மொழியில் மணி நேரத்துக்கு மேல் நாள் என்ற அலகு வைக்காமல் நிறுத்திக்கொண்டதும் இந்தப் பயத்தில்தான்.

டேட்டாபேஸில் இன்டர்வெல் வகை இல்லையென்றால் தேதி, நேரத்தை எழுதும் சர்வதேச முறையான ஐஎஸ்ஓ 8601-ன்படி எழுத்தாகவே வையுங்கள். பி1எம் (P1M) என்றால் ஒரு மாதம், பி30டி (P30D) என்றால் 30 நாள். நடுவில் ஒரு டி (T) சேர்த்து பிடி1எம் (PT1M) என்று எழுதினால் ஒரு நிமிடம், அங்கே மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.

லைப்ரரி எது என்று கேட்டீர்கள், மொழி எது என்று சொல்லவில்லை. எதுவானாலும் ஜனவரி 31-ஐக் கொடுத்து ஒரு மாதம் கூட்டச் சொல்லுங்கள். பிப்ரவரியின் கடைசி நாளைச் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள், மார்ச் 3 என்று சொன்னால் வேறு பாருங்கள்.

சீனியரிடம் என் பதிலைக் காட்டி வாதாட வேண்டாம். ஜனவரி 31-ல் சேர்ந்த வாடிக்கையாளர் யாராவது இருப்பார், அவருடைய மே மாதக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.