பெட்-சிடி ஸ்கேனுக்காக வைப்புநிதியை உடைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்குத் தொண்டைப் புற்றுநோய். கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. கழுத்தில் ஒரு நெறிக்கட்டி இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது. பன்னிரண்டாவது வாரம் பெட்-சிடி எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்தில் அறுவை சிகிச்சை வேண்டுமா என்று முடிவு செய்யலாம் என்கிறார் டாக்டர். சாதாரண சிடி ஏற்கெனவே எடுத்தாயிற்று. கையில் மிச்சம் இருப்பது ஒரு வைப்புநிதிதான். இந்தச் செலவு அவசியமா? எடுப்பதென்றால் இப்போதே எடுத்துவிடக் கூடாதா?

பதில்: எடுங்கள். ஆனால் டாக்டர் சொன்ன வாரத்தில் எடுங்கள். பணம் வீணாகும் வழி உங்கள் கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது.

பெட் ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றுவது சர்க்கரை போன்ற ஒரு மருந்து. புற்றணுக்கள் அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும். கதிர்வீச்சில் வெந்து ஆறிக்கொண்டிருக்கும் திசுவும் இழுத்துக்கொள்ளும். ஐந்தாம் வாரம் எடுத்தால் எது நோய், எது புண் என்று பிரிப்பது கடினம். சந்தேகத்துக்கு ஓர் ஊசிப் பரிசோதனை, அப்புறம் இன்னொரு ஸ்கேன் என்று செலவு நீளும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் எவ்வளவு கனமானது என்பது எனக்குப் புரிகிறது. இடையில் கட்டி பெரிதானாலோ புதிதாக ஒன்று தென்பட்டாலோ தேதிக்காகக் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

சிடி எடுத்தாயிற்றே என்றால், அது பெரும்பாலும் அளவைத்தான் சொல்லும். நெறிக்கட்டியின், அதாவது நிணநீர் முடிச்சின், குறுக்களவு 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் பொதுவாகச் சந்தேகப்படுவார்கள். ஆனால் நோய் செத்துப்போய் வெறும் தழும்பாக நிற்கும் முடிச்சும் பெரிதாகத் தெரியலாம். சின்ன முடிச்சில் நோய் ஒளிந்தும் இருக்கலாம். பெட் ஸ்கேனையும் சிடியையும் சேர்த்து எடுக்கும் பெட்-சிடி, முடிச்சு இருக்கும் இடத்தையும் அதில் நோய் உயிர்ப்போடு இருக்கிறதா என்பதையும் ஒரே படத்தில் காட்டுகிறது.

கணக்குப் பார்க்கிறவனாக என்னை அசைத்தது 2016-ல் வெளியான பெட்-நெக் என்ற பிரிட்டன் ஆய்வு. கழுத்து முடிச்சுகளுக்கு நோய் நன்றாகப் பரவியிருந்த 564 பேரை இரண்டு சமப் பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் திட்டமிட்டபடி கழுத்து அறுவை சிகிச்சை. மற்றதில் 12 வாரம் கழித்து பெட்-சிடி. நோய் மிச்சம் தெரிந்தாலோ சந்தேகம் இருந்தாலோ மட்டும் அறுவை. முதல் பிரிவில் 221 அறுவைகள் நடந்தன, இரண்டாவதில் 54. உயிர் பிழைத்திருப்பதில் ஸ்கேன் பிரிவு பின்தங்கவில்லை, ஒருவருக்கான செலவும் குறைந்தது. உங்கள் டாக்டர் சொல்வதும் இதே வழிதான். ஓர் அறுவை சிகிச்சையையே தவிர்க்க வாய்ப்புத் தரும் செலவு இது.

சரி, பணம். முதலில் காப்பீடு. வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனைப் பல பாலிசிகள் தனியாகப் பார்க்கும். எதற்காக இந்த ஸ்கேன், அதன் முடிவால் எந்தச் சிகிச்சை மாறும் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி, முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். ஏழு வாரம் இருக்கிறது, அதற்கு இது போதும். கிடைக்காவிட்டால் வைப்புநிதியை முழுதாக உடைக்காதீர்கள். அதன் பேரில் கடன் வாங்கினால் என்ன வட்டி, பகுதியாக எடுத்தால் எவ்வளவு நஷ்டம் என்று இரண்டையும் கேட்டு ஒப்பிடுங்கள். ஸ்கேனில் முடிச்சு ஒளிர்ந்தால் ஊசிப் பரிசோதனை, அறுவை என்று மேலும் செலவு வரும். மிச்சத் தொகை அதற்கு வேண்டும்.

ஸ்கேன் அன்று நேரம் தவறக் கூடாது. ஊசியில் ஏற்றும் அந்தச் சர்க்கரை போன்ற மருந்தின் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், எடுத்து வைத்து நாளைக்குப் பயன்படுத்த முடியாது. கணவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். அன்று சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் ஸ்கேனைத் தள்ளிவைத்துவிடுவார்கள். ரத்து செய்தால் கட்டணம் திரும்புமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே எடுக்கும் சிடி, கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தைத் தெளிவாக்கும் மருந்து) ஏற்றிய முழு சிடியா என்பதையும் விசாரியுங்கள், இன்னொரு தனி சிடி மிச்சமாகலாம். ரிப்போர்ட்டோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனாலும் அதையே காட்டலாம்.