கோப்பை கழுவுவதும் மேசையில் பரிமாறுவதும்

தம்பி, யாழ்ப்பாணத்தில் வணிகப் பட்டம் பெற்ற நீங்கள் பாரிஸில் 8 மாதங்களாக உணவகமொன்றில் கோப்பை கழுவுவதாகவும், அம்மாவிடம் "கந்தோர் வேலை" என்று சொல்லி வைத்திருப்பதாகவும் எழுதி, இந்த வேலையில் மரியாதை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் இந்நகரத்து உணவகங்களில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதல் 3 ஆண்டுகள் நானும் கழுவினேன்; பிறகுதான் பரிமாறும் வேலைக்கு வந்தேன்.

"கோப்பை கழுவுகிறவன்" என்று ஏளனமாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் தேநீர் குடித்தபடி அப்படிச் சொல்லும் பலர், தாமும் கழுவித்தான் வீடு வாங்கினார்கள். சமையலறைக்குள் கதை வேறு. சனிக்கிழமை இரவு கழுவுகிறவர் வராமல் போனபோது, தலைமைச் சமையற்காரரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியடியில் நின்றதைக் கண்டிருக்கிறேன். தட்டு இல்லாமல் எந்தக் கறியும் வெளியே போகாது.

எனக்கும் வெட்கம் இருந்தது. பரிமாறத் தொடங்கிய முதலாண்டில் ஊரவர் ஒருவர் குடும்பத்துடன் வந்து என் மேசையில் அமர்ந்தபோது, நான் குளிரறைக்குள் புகுந்து வெண்ணெய்ப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, வேறொருவரை அனுப்பிவிட்டேன். அவர் மறுபடி வந்த காலத்தில், சோல் மீனை மேசையருகே பிரித்துக் கொடுக்கப் பழகியிருந்தேன். கரண்டியும் முள்ளுக்கரண்டியும் மட்டும் கொண்டு, ஓரச் செட்டை முட்களை ஒதுக்கி, நடுக்கோட்டில் பிளந்து, சதையை 4 துண்டுகளாக உடையாமல் எடுத்து, நடுமுள்ளை முழுதாகத் தூக்கி வைக்க வேண்டும். அதுவும் சூடு ஆறுவதற்குள். யாழ்ப்பாணத்தானுக்கு மீன் முள் எடுக்கப் பழக்க வேண்டுமா என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். கையால் எடுப்பது வேறு, கரண்டியால் எடுப்பது வேறு. அன்று அவருடைய மகள் கதிரையில் ஏறி நின்று பார்த்தாள். போகும்போது அவர், "இதை எங்கே பழகினீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

இந்நாட்டில் பரிமாறுவது பயிற்சியும் பரீட்சையும் உள்ள ஒரு தொழில். தலைசிறந்த தொழில்வல்லுநருக்கு இங்கு வழங்கும் "மெய்யர் உவ்றியே து பிரான்ஸ்" பட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு. 2023இல் பாரிஸின் சிறந்த பகெத் என்னும் நீளப் பாணுக்கான பரிசை வென்று, ஜனாதிபதியின் எலிசே மாளிகைக்கு ஓராண்டு பாண் கொடுத்த தர்ஷன் செல்வராஜாவும் இலங்கையிலிருந்து வந்தவர்தான். நீங்களும் சே-ஆ-பே தொழிற்சான்றிதழுக்கு முயலலாம். வேலை அனுபவத்தைக் காட்டியே சான்றிதழ் பெறும் வழியும் இருக்கிறது. அதற்கு முன் பிரெஞ்சு வேண்டும். உணவுப் பட்டியலை இரவில் வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு கறியிலும் என்னென்ன சேர்கிறது என்பது வரை பாடமாக்குங்கள். என் முதல் பாடப் புத்தகம் அதுதான்.

வாடிக்கையாளரிடம் கைநீட்டி நிற்கும் வேலை இது என்ற எண்ணமும் வேண்டாம். பரிமாறும் கூலி இங்கே விலைப்பட்டியலில் உள்ள விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது; மேசையில் விட்டுப்போகும் சில்லறை அவர்கள் விருப்பம்.

ஆனால், தொழிலை மதிப்பது என்றால் முதலாளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டப்படி வாரத்துக்கு 35 மணி நேரம். உணவகங்களில் 39 மணி நேர ஒப்பந்தம் வழக்கம், மேலதிக மணிகளுக்குக் கூடுதல் கூலி தர வேண்டும். நான் வாரம் 50 மணிக்கு மேல் நின்றபோதும், ஒரு முதலாளி சம்பளச் சிட்டையில் 20 என்றே எழுதினார். கேட்க எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. நீங்கள் ஒன்றரை மாதம்கூடப் பொறுக்காதீர்கள். சிட்டைகளில் ஒன்றையும் எறியவும் வேண்டாம்; விசாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் அவைதான் சாட்சி.

அம்மாவிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் விடயம். நான் ஐந்தாம் ஆண்டில், தொலைபேசியில், தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீ எத்தினை மணிக்குச் சாப்பிடுறாய்?" என்று கேட்டார். பதினொன்றரைக்கு, ஆட்கள் வருவதற்கு முன் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம் என்றேன்.