காது வடிதலும் மூளையில் குருதிக்கட்டியும்

கேள்வி: அக்காவின் மகனுக்கு 15 வயது. சின்ன வயதிலிருந்தே ஒரு காதால் சீழ் வடியும். போன மாதம் கடும் தலையிடி, நடுக்கத்தோடு காய்ச்சல், சத்தி, காதுக்குப் பின்னால் வீக்கம். முதல் எடுத்த சி.ரி. ஸ்கானில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு மூளை நாளத்தில் கிருமி பிடித்த குருதிக்கட்டி என்கிறார்கள். இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் ஊசி தொடர்கிறது. வீட்டுக்குக் கூட்டி வரலாமா? - வாசகி, சாவகச்சேரி.

பதில்: தயவுசெய்து இப்போது கூட்டி வராதீர்கள், தங்கச்சி. காய்ச்சல் விட்டது மருந்து பிடிக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். கிருமி முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் பெரிய நாளங்களில் ஒன்று காதுக்குப் பின்னால் உள்ள எலும்பை ஒட்டித்தான் ஓடுகிறது, இடையில் மெல்லிய எலும்புத் தகடு மட்டும், அதனால் வருடக்கணக்காக வடியும் காதின் சீழ் அந்த எலும்பை அரித்தால் நாளத்தின் சுவர் அழன்று உள்ளே இரத்தம் உறைகிறது. உறைந்த கட்டிக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும், மருந்து அங்கே போய்ச் சேரக் கஷ்டம். அதனால்தான் நாளத்தின் வழியாக வாரக்கணக்கில், பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை அன்ரிபயோட்டிக் கொடுக்கிறார்கள்.

முதல் ஸ்கானில் தெரியாமல் போனதற்காக யாரையும் கோபிக்க வேண்டாம். சாதாரண சி.ரி.யில் இந்தக் கட்டி பல நேரம் தெரியாது. சாய மருந்து ஏற்றி நாளங்களைத் தனியாகப் படமெடுக்கும் சி.ரி. அல்லது எம்.ஆர். வெனோகிராம்தான் காட்டிக்கொடுக்கும்.

மருந்து மட்டும் போதாமலும் போகலாம். காது, மூக்கு, தொண்டை நிபுணர் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைத் திறந்து சீழைத் துப்புரவாக்க வேண்டும் என்றால் தயங்காதீர்கள், ஊற்று அங்கேதான் இருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போடுவதில் வைத்தியர்களுக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. மூளைக்குள் இரத்தக்கசிவு வரும் அபாயத்தைப் பார்த்து ஆளுக்கு ஆள் முடிவெடுப்பார்கள். உங்கள் பெடியனுக்கு என்ன முடிவு, ஏன் என்று வார்ட் வைத்தியரிடம் நேரே கேளுங்கள், அது உங்கள் உரிமை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. இதே வருத்தம் முகத்தாலும் வரும். மூக்கு, மேலுதட்டுப் பக்கம் வரும் பருவை நகத்தால் பிதுக்கினால் கிருமி கண்ணுக்குப் பின்னால் உள்ள நாளக்குழி வரை போகலாம். காய்ச்சலோடு கண் மடல் வீங்கி, கண் முன்னே தள்ளி, பார்க்கிற பொருள் இரண்டாகத் தெரிந்தால், ஒரு கண்ணில் தொடங்கியது ஓரிரு நாளில் மற்றக் கண்ணுக்கும் தாவும். சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனம். விடியட்டும் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம்.

பெடியன் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காதுக்குள் எண்ணெய் விட வேண்டாம், குளிக்கும்போது தண்ணீரும் போகவிடாதீர்கள். திரும்பத் தலையிடி, சத்தி, பார்வை மங்கல் வந்தால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் அன்றே கொண்டுபோங்கள்.